மருத்துவம் படிக்க விரும்புவோர் பிளஸ் 1 பாடப்பிரிவைத் தேர்வது எப்படி? கொங்குப் பகுதி மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் முழுமையான வழிகாட்டி

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் ஈரோடு, நாமக்கல், திருப்பூர், கோவைப் பக்கத்துப் பெற்றோர் முதலில் கேட்பது, "எந்தப் பள்ளியில் சேர்த்தால் டாக்டர் சீட் கிடைக்குமுங்க?" என்பதுதான். பள்ளியை முடிவு செய்து முன்பணமும் கட்டியபின், அங்கே இடம் இருக்கும் பாடப்பிரிவு பிள்ளைக்கு வந்து சேர்கிறது. பயிற்று மொழியும் அப்படியே. சான்றிதழ்களைப் பற்றிய நினைப்பு இரண்டு ஆண்டுகள் கழித்து, கலந்தாய்வு நேரத்தில்தான் வருகிறது.

மேல்நிலைச் சேர்க்கையில் பல ஆண்டுகளாக உட்கார்ந்து பார்த்ததில், நல்ல பிள்ளைகள் சறுக்குவதற்கு இந்தத் தலைகீழ் வரிசையே பெரும்பாலும் காரணமாக இருந்திருக்கிறது. தகுதி, இரண்டாவது விருப்பம், பாடப்பிரிவு, அரசுப் பள்ளி இடஒதுக்கீடு, மொழி, பள்ளி என்ற வரிசையில் முடிவெடுங்கள். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தையதைச் சார்ந்தே இருக்கிறது.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

பத்தாம் வகுப்பின் அரையாண்டு, திருப்புதல் தேர்வு விடைத்தாள்களைத் தேடி எடுங்கள். மதிப்பெண் பட்டியல் போதாது. பத்தாம் வகுப்பில் அறிவியல் ஒரே தாள். அதில் 90க்கு மேல் வாங்கிய பிள்ளை உயிரியலை முழுதாக எழுதிவிட்டு, இயற்பியல் கணக்குகளைத் தொடாமலேயே விட்டிருக்கலாம். எந்தப் பகுதியில் மதிப்பெண் வந்தது, எங்கே போனது என்பதை விடைத்தாள்தான் காட்டும்.

பிறந்த தேதியைப் பாருங்கள். மருத்துவச் சேர்க்கை நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31ஆம் தேதிக்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். சிறு வயதிலேயே பள்ளியில் சேர்க்கப்பட்ட பிள்ளைகளின் வீட்டில் இதைக் கணக்கிட்டே ஆக வேண்டும்.

ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எந்த ஆண்டு எந்தப் பள்ளியில் படித்தான் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஐந்தாவது படியில் இந்தத் தாள்தான் பேசும்.

பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஆகிய மூன்றும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஆதார் அட்டையிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். திருத்தம் செய்ய இப்போது நேரம் இருக்கிறது. நீட் விண்ணப்பத்தின் கடைசி நாளில் இருக்காது.

2. தகுதியைப் பாருங்கள்

இளநிலை மருத்துவப் படிப்புக்கு மேல்நிலையில் இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது உயிரித் தொழில்நுட்பவியல் ஆகியவற்றோடு ஆங்கிலமும் பாடமாக இருக்க வேண்டும். மூன்று அறிவியல் பாடங்களிலும் சேர்த்துப் பொதுப்பிரிவினருக்கு 50 சதவீதமும், பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட பிரிவினருக்கு 40 சதவீதமும் தேவை. நீட் மதிப்பெண் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் இந்த அடிப்படை இல்லையென்றால் சேர்க்கை கிடையாது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. தொழிற்கல்விப் பிரிவில் செவிலியம் இருப்பதைப் பார்த்து, மருத்துவத்துக்கு இதுதான் நெருக்கமான பாடம் என்று சேர்த்துவிடுகிறார்கள். பாடப்பிரிவின் பெயரைப் பார்க்காதீர்கள். அதற்குள் இருக்கும் நான்கு முதன்மைப் பாடங்களின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். இயற்பியலும் வேதியியலும் அதில் இல்லையென்றால் அது மருத்துவத்துக்கான வழி இல்லை.

உயிரியல் எடுக்காமல் பிளஸ் 2 முடித்தவர்கள் பிறகு அதைக் கூடுதல் பாடமாக எழுதித் தகுதி பெறலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023இல் அறிவித்தது. மனம் மாறி வருபவர்களுக்கு அது உதவும். இப்போதே மருத்துவம்தான் என்று நினைக்கும் பிள்ளை அதை நம்பி உயிரியலை விடக் கூடாது.

3. இரண்டாவது விருப்பத்தை எழுதி வையுங்கள்

பெற்றோருக்குப் பிடிக்காத படி இது. "முதலிலேயே தோல்வியைப் பேச வேண்டுமா?" என்று கேட்பார்கள். ஆனால் எந்தப் பாடப்பிரிவு பொருத்தம் என்பது, மருத்துவ இடம் கிடைக்காவிட்டால் பிள்ளை எங்கே போக விரும்புவான் என்பதைப் பொறுத்தது. ஆகவே இதை முடிவு செய்யாமல் அடுத்த படிக்குப் போக முடியாது.

நம் பகுதியில் இருந்துகொண்டே போகக்கூடிய நல்ல வழிகள் இருக்கின்றன. நாமக்கல்லிலும் உடுமலைப்பேட்டையிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கால்நடை மருத்துவத்தின் மாநில இடங்களுக்கும் இளநிலை வேளாண்மைக்கும் பிளஸ் 2 மதிப்பெண்ணே அடிப்படை; கால்நடை மருத்துவத்தில் எல்லா மாநில மாணவர்களும் போட்டியிடும் அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்கு மட்டும் நீட் கேட்கப்படுகிறது. கோழிப்பண்ணையும் கறவை மாடும் நிறைந்த ஊர்களில் கால்நடை மருத்துவரைத் 'டாக்டர் ஆக முடியாதவர்' என்று பேசுவதை நான் ஏற்பதில்லை. அது முழுமையான மருத்துவப் படிப்பு. ஆர்வத்தோடு எடுக்கத் தகுந்தது.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். நீட் பயிற்சிக்காகப் பிளஸ் 2 பொதுத்தேர்வை அலட்சியம் செய்தால், இந்த வழிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அடைபடும்.

பொறியியல்தான் இரண்டாவது விருப்பம் என்றால் கணிதம் கட்டாயம். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் 200 மதிப்பெண் கட்-ஆஃபில் 100 கணிதத்துக்கே போகிறது.

4. கணிதம் வேண்டுமா, வேண்டாமா?

இந்த வழிகாட்டியில் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். இயற்பியலும் வேதியியலும் பொதுவாக இருக்க, பள்ளிகள் தரும் பிரிவுகள் பெரும்பாலும் மூன்று. உயிரியலும் கணிதமும் சேர்ந்தது ஒன்று. உயிரியலும் கணினி அறிவியலும் சேர்ந்தது இன்னொன்று. மூன்றாவது, தாவரவியலும் விலங்கியலும் தனித்தனித் தாள்களாக வரும் தூய அறிவியல் பிரிவு.

பிள்ளையால் முடியுமென்றால் உயிரியல்-கணிதப் பிரிவையே எடுக்கச் சொல்வேன். காரணம் நீட் தேர்வின் அமைப்பிலேயே இருக்கிறது. மொத்தம் 180 கேள்விகள், 720 மதிப்பெண். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழியும். உயிரியலில் பாதி மதிப்பெண் இருப்பதால் அதை எல்லோரும் கவனமாகப் படித்துவிடுகிறார்கள். இடம் கிடைத்தவனுக்கும் கிடைக்காதவனுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெரும்பாலும் இயற்பியலில்தான் பார்த்திருக்கிறேன். திசையன், முக்கோணவியல், வகையீடு, தொகையீடு, மடக்கை ஆகியவை கைவராமல் பிளஸ் 1 இயற்பியலின் முதல் சில பாடங்களைக்கூடத் தாண்ட முடியாது. வேதியியலில் வினைவேகவியலுக்கும் அமிலத்தன்மைக் கணக்குகளுக்கும் மடக்கை வேண்டும். கணிதம் எடுத்த பிள்ளை இவற்றை வகுப்பிலேயே தினமும் பழகுகிறான். எடுக்காதவன் தனியாகக் கற்க வேண்டும்.

'முடியுமா' என்பதை எப்படி அறிவது? பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை நம்பாதீர்கள். மனப்பாடம் செய்தும் அதை வாங்கிவிடலாம். முக்கோணவியலில் உயரங்களும் தொலைவுகளும் பகுதியிலிருந்து, பிள்ளை இதுவரை பார்க்காத நான்கைந்து கணக்குகளைக் கொடுத்து அரை மணி நேரம் தனியாக விடுங்கள். விடை வர வேண்டும் என்பதில்லை. படம் வரைந்து, தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்து எழுதி, முட்டி மோதிப் பார்க்கிறானா என்று கவனியுங்கள். மோதிப் பார்க்கும் பிள்ளைக்குக் கணிதம் பாரமாகாது. "இது நடத்தவே இல்லை" என்று பேனாவை மூடி வைக்கும் பிள்ளையைக் கட்டாயப்படுத்தாதீர்கள். பிளஸ் 2வில் கணிதத்தில் தோற்றால் பிளஸ் 2 தேர்ச்சியே இல்லை. நீட்டில் நல்ல மதிப்பெண் கையில் இருக்கும்போது துணைத் தேர்வுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது கொடுமை.

கணிதம் வேண்டாம் என்று முடிவானால், உயிரியல்-கணினி, தூய அறிவியல் ஆகிய இரண்டில் எது? உயிரியலில் உண்மையான ஈடுபாடு இருந்து, இரண்டாவது விருப்பம் கால்நடை மருத்துவமோ வேளாண்மையோ உயிரியல் பட்டப்படிப்போ என்றால் தூய அறிவியல் நல்லது. இல்லையென்றால் கணினி அறிவியல் இலகுவான நான்காவது பாடமாக இருக்கும்.

இந்த இடத்தில் இரண்டு தவறான நம்பிக்கைகளைக் களைய வேண்டும். உயிரியல்-கணினிப் பிரிவு எடுத்தால் மருத்துவத்துக்கும் போகலாம், கணினிப் பொறியியலுக்கும் போகலாம் என்று நினைத்துச் சேர்க்கிறார்கள். கணிதம் இல்லாமல் பொறியியல் கலந்தாய்வில் கலந்துகொள்ளவே முடியாது. பிளஸ் 2 முடிந்த பிறகு இதை அறிந்து கலங்கிப்போகும் குடும்பங்கள் ஆண்டுதோறும் வருகின்றன. மறுபக்கத்தில், கணினி அறிவியல் படிக்காததால் கணினிப் பொறியியல் கிடைக்காது என்று பயந்து உயிரியல்-கணிதத்தை ஒதுக்குகிறார்கள். அதுவும் தவறு. உயிரியல்-கணிதப் பிரிவு மாணவர் எந்தப் பொறியியல் பிரிவிலும் சேரலாம்.

சி.பி.எஸ்.இ. பள்ளியில் படிப்பவர்களுக்கு ஆறாவது கூடுதல் பாடம் எடுக்கும் வசதி உண்டு. உயிரியலை முதன்மையாக வைத்துக் கணிதத்தைக் கூடுதலாக எடுக்க முடியுமா என்று பள்ளியில் கேளுங்கள்.

5. அரசுப் பள்ளிப் பிள்ளையா? இதைப் படிக்காமல் பள்ளியை மாற்றாதீர்கள்

2020இல் தமிழ்நாடு அரசு இயற்றிய சட்டப்படி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்வில் தகுதி பெற்றவர்களுக்கு மாநில ஒதுக்கீட்டு மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம் முன்னுரிமையாக ஒதுக்கப்படுகிறது. கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. 2021இல் வந்த இன்னொரு சட்டம் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டப் படிப்புகளுக்கும் இதே ஒதுக்கீட்டைக் கொடுத்தது. மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலப் பள்ளிகளும் இதில் அடங்கும். ஆசனூர், தாளவாடிப் பக்கத்து மலைக்கிராமப் பிள்ளைகளுக்கு இது மிகப் பெரிய வாய்ப்பு. அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. 'உதவி பெறும்' என்ற சொல்லைப் பள்ளியின் பலகையில் பார்த்தும் பலர் கவனிப்பதில்லை.

ஆபத்து வரும் இடம் பதினொன்றாம் வகுப்பு. அரசுப் பள்ளியில் படித்துப் பத்தாம் வகுப்பில் 480க்கு மேல் எடுத்த பிள்ளையின் வீட்டுக்குத் தனியார் விடுதிப் பள்ளியிலிருந்து ஆள் வருகிறது. "கட்டணம் வேண்டாம், விடுதியும் இலவசம்" என்கிறார்கள். தறி ஓட்டும் குடும்பமோ பனியன் கம்பெனியில் வேலை செய்யும் குடும்பமோ அதை மறுப்பது எளிதில்லை. ஆனால் அந்தப் பள்ளியில் கால் வைத்ததும் ஐந்து ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த உரிமை போய்விடும்; திரும்பக் கிடைக்காது. ஒதுக்கீட்டில் போட்டியிடுவோர் எண்ணிக்கை குறைவு என்பதால் அங்கே இடம் கிடைக்கும் மதிப்பெண், பொதுப் போட்டியில் தேவைப்படுவதைவிடக் கணிசமாகக் குறைவாகவே இருந்து வருகிறது. இலவச விடுதி அதை ஈடுகட்டாது.

அரசுப் பள்ளியில் சரியான பயிற்சி இல்லை என்ற கவலை இருந்தால், உங்கள் மாவட்டத்து அரசு மாதிரிப் பள்ளியை விசாரியுங்கள். விடுதியோடு கூடிய அதுவும் அரசுப் பள்ளியே. ஒரு முறைக்கு மேல் நீட் எழுத வேண்டி வந்தாலும் ஒதுக்கீடு மறைவதில்லை. பள்ளிக் காலம்தான் கணக்கு.

கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களும் இதில் வருவார்கள். முதல் படியில் எழுதிய தாளை இப்போது எடுத்துப் பாருங்கள்.

6. பயிற்று மொழி

பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த பிள்ளையைப் பிளஸ் 1இல் திடீரென்று ஆங்கில வழிக்கு மாற்றாதீர்கள். புதிய பாடத்தின் பாரமும் புதிய மொழியின் பாரமும் ஒரே ஆண்டில் சேர்ந்தால் முதலில் சரிவது இயற்பியல்தான். நீட் தேர்வைத் தமிழில் எழுதலாம். கேள்வித்தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கிலக் கேள்வியே இறுதியானது. அதனால் தமிழ் வழியில் தொடரும் பிள்ளை முதல் நாளிலிருந்தே கலைச்சொற்களை இரு மொழியிலும் ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும்: சவ்வூடு பரவல் என்றால் ஆஸ்மோசிஸ், குன்றல் பகுப்பு என்றால் மியாசிஸ். பாடத்தோடு சேர்த்து எழுதினால் பாரமே தெரியாது.

மொழிப் பாடத்தில் மதிப்பெண் கூடும் என்று பிரெஞ்சு போன்ற மொழிகளுக்கு மாறச் சொன்னால் மாற வேண்டாம். மொழித்தாள் மதிப்பெண் நீட் தரவரிசையில் சேராது.

7. பள்ளியை இப்போது தேடுங்கள்

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு முடிவு வருவதற்கு முன்பே சேர்க்கை தொடங்கிவிடும். முன்பணம் கட்டுவதற்கு முன், கேட்ட பாடப்பிரிவு கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா என்று எழுத்தில் வாங்குங்கள். வாய் வார்த்தையை ஏற்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: பதினொன்றாம் வகுப்புப் பாடம் ஆண்டு முழுவதும் நடக்கிறதா? பிளஸ் 1 வகுப்பிலேயே பிளஸ் 2 பாடத்தைத் தொடங்கி இரண்டு ஆண்டும் அதையே ஓட்டும் பழக்கம் ஒரு காலத்தில் இங்கே ஊறிப்போயிருந்தது. 2017-18இல் பிளஸ் 1க்குப் பொதுத்தேர்வு வந்தபோது அது ஓரளவு அடங்கியது. 2025-26 முதல் அந்தப் பொதுத்தேர்வு இல்லை. பழைய பழக்கம் திரும்ப வாய்ப்பு இருக்கிறது. நீட்டில் ஏறக்குறைய பாதிக் கேள்விகள் பிளஸ் 1 பாடத்திலிருந்துதான் வருகின்றன. சுவாசம், இரத்த ஓட்டம், கழிவு நீக்கம், நரம்பு மண்டலம் என்று மனித உடலியங்கியல் முழுவதும் அந்த ஆண்டில்தான் இருக்கிறது. இயற்பியலில் இயக்கவியலும் வெப்ப இயக்கவியலும், வேதியியலில் மோல் கணக்கும் அங்கேதான். இவற்றைத் தாண்டிக் குதித்தவர்கள் பிளஸ் 2 முடித்த பிறகு ஓர் ஆண்டு வீட்டில் உட்கார்ந்து படிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அலுவலகத்தில் கேட்டால் "எல்லாம் நடத்துகிறோம்" என்பார்கள். அங்கே படித்த உங்கள் ஊர்ப் பிள்ளையின் பிளஸ் 1 இயற்பியல் நோட்டை வாங்கிப் பாருங்கள். மார்ச் வரை தேதி இருக்கிறதா, கணக்குகள் செய்யப்பட்டிருக்கின்றனவா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்து இயற்பியல் ஆசிரியர் எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். ஆண்டுக்கு ஒருவர் மாறும் பள்ளி வேண்டாம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கும் முறையில் தேர்வு வைத்து, அடுத்த நாள் தவறுகளை உட்கார்ந்து பேசுகிறார்களா என்பதும் முக்கியம். விடுதி என்றால் பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்க விடப்படுகிறான் என்று கேட்கத் தயங்காதீர்கள். வீட்டிலிருந்து போவதென்றால் பயணத்தைக் கணக்கிடுங்கள். தினமும் மூன்று மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும் பிள்ளைக்கு, பக்கத்து ஊரின் சுமாரான பள்ளியே நல்ல பள்ளி.

சி.பி.எஸ்.இ. பள்ளியில் பெயரை மட்டும் பதிந்துவிட்டுப் பயிற்சி மையத்துக்குப் போகும் ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அங்கே 75 சதவீத வருகை கட்டாயம். வருகை இல்லாமல் பொதுத்தேர்வு எழுத முடியாமல் போனால் முதல் தகுதியே போய்விடும்.

8. சான்றிதழ்கள்

சாதிச் சான்றிதழ் இல்லையென்றால் இப்போதே விண்ணப்பியுங்கள். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மத்திய அரசு படிவத்தில் தனியாக ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும், மாநிலச் சான்றிதழ் அங்கே செல்லாது. குடும்பத்தில் யாரும் பட்டம் பெறவில்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழும் வாங்கி வையுங்கள்.

வேலை காரணமாகப் பாலக்காடு, பெங்களூரு, சாமராஜநகர் பக்கத்தில் சில ஆண்டுகள் படித்த பிள்ளை என்றால் கூடுதல் கவனம் தேவை. ஆறு முதல் பன்னிரண்டு வரை முழுவதும் தமிழ்நாட்டில் படிக்காதவர்களிடம் மாநில ஒதுக்கீட்டுக்கு இருப்பிடச் சான்றிதழும் பெற்றோரின் ஆவணங்களும் கேட்பார்கள்.

9. சேரும் நாளும் அடுத்த சில வாரங்களும்

சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன், பாடப்பிரிவின் கீழ் எழுதப்பட்டுள்ள நான்கு பாடங்களையும் பிள்ளையே வாய்விட்டுப் படிக்கட்டும். இடம் இல்லை என்று வேறு பிரிவில் போட்டுவிட்டு, "பிறகு மாற்றித் தருகிறோம்" என்று சொன்னால், எந்தத் தேதிக்குள் என்று கேளுங்கள். மாணவர் விவரம் கல்வித் துறையின் இணையதளத்தில் ஏற்றப்பட்டு, பாடம் ஓடத் தொடங்கியபின் மாற்றம் கடினம்.

முதல் மூன்று வாரங்களில் பயிற்சி மையப் புத்தகங்களைத் திறக்க வேண்டாம். கணிதம் எடுக்காத பிள்ளை திசையன், மடக்கை, எளிய வகையீடு ஆகியவற்றை ஒரு கணித ஆசிரியரிடம் இந்த வாரங்களிலேயே கற்றுக்கொள்ளட்டும். மாநிலப் பாடத்திட்டத்தில் படிப்பவர்கள் பள்ளியில் ஒரு பாடம் முடிந்ததும் அதே பாடத்தை சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பயன்படும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்திலும் ஒரு முறை வாசிக்க வேண்டும்; நீட் கேள்விகள், அதிலும் உயிரியலில், அந்தப் புத்தகத்தின் வரிகளை ஒட்டியே வருகின்றன.

பாடப்பிரிவு பொருந்தவில்லை என்றால் அது இந்த வாரங்களில்தான் தெரியும். பிள்ளை இரவு கணக்கை மறைத்துவைத்து உயிரியலையே திரும்பத் திரும்பப் படிக்கிறானா, முதல் அலகுத் தேர்வில் கணிதத் தாளைக் காட்டத் தயங்குகிறானா என்று பாருங்கள். தெரிந்ததும் தலைமையாசிரியரைப் பார்த்து, உயிரியல்-கணினிக்கோ தூய அறிவியலுக்கோ மாற்றும்படி எழுத்தில் கேளுங்கள். காலாண்டுத் தேர்வு வரை பொறுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தால் அந்த வாய்ப்பு கடந்துவிடும்.